அக்காவா, தங்கச்சியா

கோப்பில் அந்த ஊரின் பெயரை
மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறோம்.
முதல் பக்கத்தில் இருக்கும் 'ஸ்'
நாற்பதாம் பக்கத்தில் இல்லை.
தட்டச்சுப் பொறியில் அந்த எழுத்து
தேய்ந்துபோன வருடமாக இருக்கும்.

ரிப்பன் மாளிகை, முதல் மாடி,
ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே என் மேசை.
வரி இல்லை, குடிநீர் இல்லை, கொசு இல்லை.
என் பொறுப்பில் இருப்பது
ஒரு சகோதரி நகரம்.

அந்தச் சொல்லின் மேல் தணிகாசலம் சாருக்குக் கோபம்.
"மேடையில பேசுறவனைத் தவிர
யாருய்யா சகோதரின்னு கூப்பிடுறான்?
அக்காவா, தங்கச்சியா, அதைச் சொல்லு."
அவர்கள் கோட்டைச் சுவருக்கு எழுநூறு வயதாம்.
நம்மிடம் மயிலாப்பூர் இருக்கிறது என்றேன்.
"ஒப்பந்தம் மயிலாப்பூரோடயா போட்டான்?
கோட்டையிலேர்ந்து எண்ணு."
கோட்டையிலிருந்து எண்ணினால் நாம் கைக்குழந்தை.
ஐந்தே முக்கால் வரை ஊருக்கு வயது பார்த்தோம்.
"சம்பந்தின்னு வெச்சிருக்கலாம்" என்று
குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்,
"வருஷத்துக்கு ஒரு சீர், மாத்தி மாத்தி ஒரு குறை."

சீர் வந்தது உண்மைதான்.
வெண்கல மணி ஒன்று, நாக்கு இல்லாமல்.
பூங்காவில் ஒரு பெஞ்சு, அவர்கள் எழுத்தில் பெயர் பொறித்தது.
நடைப்பயிற்சிக்காரர்கள் அதில் செருப்பை விடுகிறார்கள்.
நாம் அனுப்பிய தலையாட்டிப் பொம்மை
குளிரில் ஆட மறுக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.
அதற்கு இன்னும் பதில் போகவில்லை.

இந்த வருடம் பிள்ளைகளின் ஓவியம்.
நம் ஊரை அவர்கள், அவர்கள் ஊரை நாம்.
வந்த முப்பதில் இருபத்தெட்டு யானை,
ஒரு புலி.
ஒரு பையன் மட்டும் வெறும் வெயிலை வரைந்து
தாளைத் தீர்த்திருந்தான்.

இங்கிருந்து கூம்பு மரம், கூரை வீடு, பஞ்சு ஒட்டிய பனி.
காசிமேட்டுப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
ஜெனிட்டா மட்டும்
தெரு முழுக்க வெள்ளை பூசி
உள்ளே மீன்களை வைத்திருந்தாள்.
வஞ்சிரம், சங்கரா, ஓரத்தில் கண் விழித்த ஒரு பாறை.
அவளுக்குத் தெரிந்த பனி
ஐஸ் பேக்டரியிலிருந்து வரும்,
அரைபட்டு, விடிகாலை மூன்று மணிக்கு, மீன்பாடி வண்டியில்.

தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று
நடுவர் ஒதுக்கிய தாளை
உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன்.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

அங்கே கையெழுத்திடுகிறவர் ஸினயீதா.
எட்டு வருடமாக அந்தக் கையெழுத்தை மட்டும் தெரியும்.
இந்த முறை அதன் கீழே பேனாவில் நான்கு வரி.
என் போன் தட்டுத்தடுமாறிச் சொன்னது:
மீன் வரைந்த குழந்தைக்கு இது எப்படித் தெரியும்?
குளிர்காலம் நாங்கள் ஆற்றின் மேல் நடக்கிறோம்.
மீன்கள் எங்கள் காலுக்குக் கீழே.
என் கணவர் பனியில் துளையிட்டு
பகலெல்லாம் உட்கார்ந்து.

இருந்தாரா, இருக்கிறாரா என்பது
போனுக்குத் தெரியவில்லை.
திருப்பித் திருப்பிக் காட்டினேன்.
ஒரு முறை இருந்தார், ஒரு முறை இருக்கிறார்.

ஞாயிறு விடியுமுன் காசிமேடு போனேன்.
ஏலச் சத்தம் ஓயவில்லை.
ஜெனிட்டா கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து
கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.
"ஐஸுக்குக் கீழ மீனு உசுரோடவா கீது?"
ஆமாம் என்றேன்.
கூடையில் கிடந்த சங்கராவைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு, "அந்த அக்கா ஊரு பேரு இன்னா?"

மூன்றையும் சொன்னேன்.
ஒவ்வொன்றையும் வாயில் போட்டுப் பார்த்து
நடுவில் சொன்னதை வைத்துக்கொண்டாள்.
அம்மாவிடம் அதைக் கத்தினாள்.
அம்மா எடைத் தட்டிலிருந்து நிமிராமல்
"எந்த பஸ்ஸு போவுது?" என்றாள்.

பாலம் ஏறி இறங்கும்வரை
செருப்புக்குள் ஐஸ் தண்ணீர்.
திங்கட்கிழமை முதல் வேலையாக
கோப்பின் மேலட்டையில்
மற்ற இரண்டையும் அடித்தேன்.